பேசாத கம்ப்யூட்டரும் தாயம்மாவும்

டெஸ்மண்டுக்குக் கை சும்மா இருந்தால்தானே! கம்ப்யூட்டர் அரதப்பழசுதான், ஆனாலும் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. தொடர்கதை வருகிற பேப்பர் சைட் மட்டும் சில நாள் திறக்க மறுக்கும். அதுக்குப்போய், உள்ளே இருந்த விண்டோஸை வழித்துப் போட்டுவிட்டு லினக்ஸை ஏற்றினார். ஏற்றியதும் சத்தம் நின்றுபோனது.

மற்றவர்களுக்குச் சத்தம் வராவிட்டால் பாட்டுக் கேட்க முடியாது, அவ்வளவுதான். டெஸ்மண்டுக்கு அப்படியா? கோலார் தங்கவயல் சுரங்கத்தில் வெடி முந்திக்கொண்டதில், கல்யாணமான மறுவருஷமே அவருக்கு இரண்டு கண்ணும் போய்விட்டது. பெங்களூர் வந்து, டெலிபோன் ஆபரேட்டராக வேலை பார்த்து ரிட்டையரானவர். திரையில் இருப்பதைக் கம்ப்யூட்டர் வாய்விட்டுப் படித்தால்தான் உண்டு. மனைவி தாயம்மாவோ மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காதவள். சாயங்காலம் டீயோடு இருவரும் உட்கார்ந்து தொடர்கதை கேட்கும்போது, யார் வந்து பெல் அடித்தாலும் அந்த விவேக் நகர் வீட்டில் கதவு திறக்காது.

"சும்னே இருங்க, நோண்டாதீங்கன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேனே!" என்றவள், அதோடு அவரிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். கம்ப்யூட்டர் பேசாததைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இவள் பேசாவிட்டால் எந்த அறையில் இருக்கிறாள் என்றே தெரியவில்லையே! டெஸ்மண்டுக்கு அழுகையாக வந்தது.

சிநேகிதர் ப்ரஹ்லாதுக்குப் போன் போட்டார். அவருக்கும் பார்வை கிடையாது. "சவுண்ட் கார்டு பழசுப்பா, டிரைவரை நாமதான் ஏத்தணும்" என்று அவர் எழுத்தெழுத்தாகச் சொல்லச்சொல்ல இவர் அடித்தார். ம்ஹும்.

"டிரைவர் ஏறியும் சத்தத்தை அதுவே மூடி வெச்சிருக்கலாம். அப்படின்னா இப்ப திறந்த சவுண்ட் திரையில கீழே ரெண்டு இங்கிலீஷ் எம் காட்டும்; எம்மைத் தட்டினா ரெண்டும் சைபராயிடும். கண்ணு இருக்கிற யாரையாவது பார்க்கச் சொல்லு."

"என் கண்ணு என்கிட்ட பேச மாட்டேங்குதுப்பா."

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. "என்ன பார்க்கணும்?" தாயம்மாதான். "எனக்கு எழுத்து தெரியாதே."

"எழுத்தை விடு தாயி. கண்ணுல படுறதைச் சொல்லு."

"நீளநீளமா கட்டம் நிக்குது. முதல் கட்டத்துக்குக் கீழ ஒரே மாதிரி ரெண்டு. ஒவ்வொண்ணும் ரெண்டு கூரை வீட்டை ஒட்டி வெச்சாப்பல, கூம்பு கூம்பா இருக்கு."

கண் போவதற்குமுன் படித்த எழுத்துகளை டெஸ்மண்ட் மனசுக்குள் எழுதிப் பார்த்தார். "அட ஏசுவே, எம்மேதான்!" விசைப்பலகையில் எம்மைத் தட்டினார்.

"ஏங்க, இப்ப ரெண்டு முட்டை!"

சத்தத்தைக் கூட்ட மேல் அம்புக்குறியை அழுத்த அழுத்த, கம்ப்யூட்டர் கரகரவென்று பேச ஆரம்பித்தது. தாயம்மா அவர் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

உடனே தொடர்கதையைத் திறந்தார். கதை ஓடியது. வாய் திறந்த தாயம்மாவும் நிறுத்துகிற வழியாக இல்லை. "பாவங்க, அந்தப் பொண்ணு பச்சைப் புடவையில தனியா பஸ் ஸ்டாப்புல நிக்குது."

"கதையில அப்படி வரலையே?"

"படத்துல இருக்கு."

"படம் வேற போடறாங்களா?"

"தினமும் போடறாங்களே." அவள் குரல் இறங்கியது. "உங்க மனசு கஷ்டப்படும்னு இத்தனை நாள் சொல்லல."

டெஸ்மண்ட் விசையைத் தடவிக் கதையை நிறுத்தினார்.

"என்ன பச்சை?"

தாயம்மா கொஞ்சம் யோசித்தாள். "நம்ம கல்யாணத்துக்கு மறுநாள் நான் கட்டினேனே, அந்தப் பச்சை."

"தெரியுது" என்றார்.