சுடலைமுத்துவின் வேட்டி சொன்ன சாட்சி

இன்று போலீஸ் ஸ்டேஷனில்...

ஆமாம், நானேதான்! வண்டிப்பெரியாற்றில் கொழுந்து கிள்ளும் இதே பேச்சியம்மாள்தான்!

நேற்றுச் சாயங்காலம் என் வீட்டுக்காரர் மாரியப்பனும் பக்கத்து வீட்டுச் சுடலைமுத்துவும் அடித்துக்கொண்டார்கள்.

காரணம்? என் சௌசௌக் கொடி சுடலையின் வேலிக்குத் தாவிவிட்டதாம். பிடுங்கி எறிந்துவிட்டார். (காய்த்தது என்னவோ நாலே காய்!)

என் வீட்டுக்காரர் கேட்கப் போனார். சுடலை கம்பால் மண்டையில் ஒன்று வைத்தார்.

தேயிலைச் செடி வெட்டிவிட்டு அப்போதுதான் வந்திருந்த இவர் கையில் கவாத்துக் கத்தி. ஓங்கிவிட்டார்!

இருவரும் கட்டிப் புரண்டு ஓடைக்குள் விழுந்தார்கள். எழுந்தபோது சுடலையின் இடுப்பில் ரத்தம்.

"குத்திப்புட்டான்!" என்று எங்கள் லயத்து வரிசை வீடுகள் மொத்தமும் அலறின.

என் வீட்டுக்காரர் கத்தியைக் கீழே போட்டார். "ஓங்குனேன், ஆனா குத்தலட்டி" என்றார்.

நான் நம்பினேன். (அவரே பாதிதான் நம்பினார் என்று முகம் சொன்னது.)

காலையில் போலீஸ்காரர்கள் வந்து இவரை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"கத்தி கொண்டு குத்தியிட்டுண்டு. கேஸ் எடுத்தா கொறே கொல்லம் ஜெயில்" என்றார் இன்ஸ்பெக்டர், பாதி மலையாளமும் பாதி தமிழுமாக. கொறே கொல்லம் என்றால் நிறைய வருஷம் என்பதுகூட எனக்கு அந்த நேரம் மறந்துபோய், எங்கேயோ கொல்லத்துக்குக் கொண்டுபோகப் போகிறார்கள் என்று நினைத்து அழுதேன்.

கட்டுப் போட்ட சுடலை பெஞ்சில் சாய்ந்து முனகிக்கொண்டிருந்தார்.

அப்போது உள்ளே வந்தாள் சுடலையின் மனைவி இசக்கி. கையில் ஒரு துணிச் சுருட்டு.

செத்தோம், இவளும் சாட்சி சொல்ல வந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

அவள் அந்த ரத்த வேட்டியை மேஜைமேல் விரித்தாள்.

"ஏமானே, தொவைக்க எடுத்தேன். பாத்துட்டுத் தொவைக்காமக் கொண்டாந்துட்டேன். மேல் மடிப்புல ஒரு கீறலாச்சும் இருக்கான்னு பாருங்க. உள் மடிப்புதான் கிழிஞ்சிருக்கு. வெளியிலேருந்து குத்துனா இப்படியா கிழியும்?"

இன்ஸ்பெக்டர் வேட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சுடலையைப் பார்த்தார்.

"மடியில எந்தா வச்சிருந்தது?"

சுடலையின் முனகல் சட்டென்று நின்றது!

"பாக்குவெட்டி!" என்றாள் இசக்கி. "தொறந்தபடி சொருகாதீகன்னு தெனமும் சொல்லுதேன், கேட்டாத்தானே!"

எடுத்தும் காட்டினாள். நுனியில் ரத்தம் காய்ந்திருந்தது.

"ஏ புள்ள, நீ யாரு பக்கம்?" என்றார் சுடலை, பாவமாக.

"நெசத்துப் பக்கம். செய்யாத குத்துக்கு அந்த அண்ணன் ஜெயிலுக்குப் போனா, மதினி மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?"

இன்ஸ்பெக்டர் சிரித்தார்! வாசலில் நின்ற கான்ஸ்டபிள் சிரித்தார்! எனக்குச் சிரிப்பா அழுகையா என்றே தெரியவில்லை.

சும்மா விடவில்லை. கம்பால் அடித்ததற்கு ஒருவருக்கும் கத்தி ஓங்கியதற்கு ஒருவருக்கும் நல்ல திட்டு. இனிமேல் சண்டை போட மாட்டோம் என்று இருவரிடமும் கைநாட்டு.

ஆனால் கேஸ் இல்லை!

நாலு பேரும் ஒரே மாட்டு வண்டியில் திரும்பினோம். சுடலைக்கு உட்கார முடியவில்லை. ஒருக்களித்துச் சாய்ந்தவருக்கு என் வீட்டுக்காரர் தோள் கொடுத்தார். மேடு பள்ளம் வரும்போதெல்லாம், "மெதுவா ஓட்டும்வே!" என்று வண்டிக்காரரிடம் சண்டைக்குப் போனதும் இவர்தான்! (கைநாட்டின் மை காயவில்லை.)

நான் இசக்கியின் கையை விடவே இல்லை.

"ஏட்டி, உம் புருசனையே மாட்டி விட்டியே, பயமா இல்லையா?"

"எதுக்கு மதினி பயம்? இனிமே பாக்கு நான்தான் வெட்டிக் குடுப்பேன். அவுக அதுக்கு மட்டும் வாயத் தொறந்தாப் போதும்!"

உங்கள் பக்கத்து வீட்டில் இப்படி ஒருத்தி இருக்கிறாளா? இருந்தால் இன்றைக்கே போய் ஒரு நல்ல வார்த்தை பேசிவிட்டு வாருங்கள்!