பெட்டியில் வராத ரிங்

எங்கள் பிக்கப்புக்கு அரை டாங்கிக்கு மேல் பெட்ரோல் ஊற்றக் கூடாது. ஊற்றினால் வண்டி அழும் என்பார் அப்பா. மேட்டில் ஏறும்போதோ அழுத்தி பிரேக் போடும்போதோ பின்சக்கரத்துக்கு முன்னால் சொட்டுச் சொட்டாக ஈரம் விழும். வண்டி நின்ற இடத்தில் மண் கறுத்து, வாசனை வீட்டுக்குள் வரும். ஒன்பது வயதில் எனக்குப் பிடித்த வாசனைகளில் அது இரண்டாவது. முதலாவது புதுப் பள்ளிப் புத்தகம்.

கோல சிலாங்கூரை அடுத்த ஒரு செம்பனைத் தோட்டத்தில் அப்போது குடியிருந்தோம். அப்பா தோட்ட அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணி. பேனாவைத் தவிர வேறு எந்தக் கருவியையும் அவர் கை ஏற்றுக்கொண்டதில்லை. ஆகவே வண்டியின் உடல்நலம் முழுவதும் மாமாவின் பொறுப்பில் இருந்தது. மாமா அம்மாவின் தம்பி. ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் வேலை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மோட்டார் சைக்கிளில் வந்துவிடுவார். அவர் வண்டியைப் பார்க்க வருகிறார் என்று அப்பா நினைத்தார். என்னைப் பார்க்க வருகிறார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அந்த ஓராண்டில் வண்டியில் மாமா மாற்றாத பாகம் குறைவு. நன்றாக ஓடிக்கொண்டிருந்த வைப்பரைக்கூட மாற்றினார். சாமான்கள் எல்லாம் தஞ்சோங் காராங்கில் அத்தை வேலை பார்த்த ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் வாங்கியவை. அத்தை அப்பாவின் தங்கை, எங்களோடுதான் இருந்தார். கடையில் ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன அட்டைப்பெட்டிகள். எதில் என்ன இருக்கிறது என்று பட்டியலைப் பார்க்காமலே அத்தை சொல்வார். கடை முதலாளியான சீனத் தவுக்கேயே அவரைக் கேட்டுத்தான் எடுப்பார்.

மாமாவும் அத்தையும் ஒருவரை ஒருவர் என்ன சொல்லிக் கூப்பிடுவார்கள் என்பது எனக்குத் தெரியாது. கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அத்தை இரண்டடி தள்ளி நிற்கும்போதே, “கடைக்காரம்மாகிட்ட பெல்ட் வந்திருச்சான்னு கேளு” என்பார் மாமா. “செவ்வாக்கிழமை வரும்னு சொல்லு” என்பார் அத்தை. நான் நடுவில் நின்று, இருவர் காதிலும் ஏற்கெனவே விழுந்துவிட்டதை இன்னொரு முறை சொல்வேன். நான் இல்லாவிட்டால் அந்த வண்டி ஓடாது என்று நம்பினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமாவுக்குப் பெண் பார்க்கச் சுங்கை சோவுக்குப் போவதாக ஏற்பாடு. மூன்று மாதம் விசாரித்து அம்மா கண்டுபிடித்த இடம். முறைப்படி பார்த்தால் எங்கள் வீட்டிலேயே பெண் இருந்தது. ஆனால் அத்தை மாமாவைவிட ஒன்றரை வயது மூத்தவர் என்பதால் அந்தப் பேச்சை யாரும் எடுத்ததே இல்லை. நாலரைக்கு ராகு காலம் தொடங்கும். அதற்குள் பெண் வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும். இரண்டு மணிக்குப் புறப்பட்டாக வேண்டும் என்று அப்பா கணக்குப் போட்டு, காகிதத்தில் எழுதி, சுவரில் ஒட்டியும் வைத்தார்.

சனிக்கிழமையே வந்துவிட்ட மாமா, இந்த ஒழுகலோடு அவ்வளவு தூரம் குடும்பத்தை ஏற்றிப் போக முடியாது என்றார். போக வர டாங்கி நிறைய ஊற்ற வேண்டும், நிறைய ஊற்றினால் ஒழுகும், வழியில் யாராவது சிகரெட் துண்டை வீசினால் பெண் வீட்டார் நம்மைப் பத்திரிகையில்தான் பார்ப்பார்கள். அரை டாங்கியோடு புறப்பட்டு வழியில் ஊற்றிக்கொள்ளலாமே என்று அப்பா கேட்டார். மாமா காதில் வாங்கவில்லை. ஒழுகலை நிறுத்த மாற்ற வேண்டிய புது பெட்ரோல் பம்பை அத்தை முந்தின நாளே கடையிலிருந்து கொண்டுவந்திருந்தார். ஞாயிறு காலை பதினொன்றுக்குள் முடித்துவிடுவதாக மாமா வாக்குக் கொடுத்தார்.

அந்த வண்டியில் பம்ப் டாங்கிக்குள்ளேயே நிற்கும். பம்ப், மிதவை, குழாய், மேல்மூடி எல்லாம் சேர்ந்து ஒரே உருப்படி. மூடியில்தான் விரிசல். அதை எடுக்க டாங்கியைக் கீழே இறக்க வேண்டும், அல்லது சாமான் ஏற்றும் பின்தொட்டியைக் கழற்றித் தூக்க வேண்டும். மாமா பின்தொட்டியைக் கழற்றினார். தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்திலிருந்து ஆறு பேர் வந்து தூக்கி, பக்கத்தில் நான்கு பீப்பாய்களின் மேல் வைத்தார்கள். பாட்டரி கம்பியைப் பிரித்தார். பெட்ரோலை ரப்பர் குழாயால் இழுத்து வாளிகளுக்கு மாற்றி, மூடி போட்டுத் தூரத்தில் வைத்தார். டாங்கியின் மேல்மூடியை இறுக்கிப் பிடித்திருந்த இரும்புப் பட்டையைத் திருப்ப, தீப்பொறி வரக் கூடாதென்று கட்டைத் துண்டை வைத்து அதன்மேல் சுத்தியலால் தட்டினார்.

நல்ல காரியத்துக்குப் போகும் வண்டிக்குச் சூடம் காட்ட வேண்டும் என்று அம்மா தட்டோடு வந்தது சரியாக அந்த நேரத்தில்தான். டாங்கியின் வாய் திறந்து கிடந்தது. மாமா நிமிர்ந்து பார்த்து, சத்தம் போடாமல், “அக்கா, அங்கேயே நில்லுங்க. அங்கேருந்தே காட்டுங்க. சாமிக்குக் கண்ணு நல்லாத் தெரியும்” என்றார். அம்மா கோழிக்கூண்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்று, முப்பதடி தூரத்திலிருந்து வண்டிக்கு ஆரத்தி காட்டினார்.

பழைய பம்ப் வெளியே வந்தது. மாமா புதுப் பெட்டியைப் பிரித்து, உள்ளே இருந்தவற்றை விரித்துப் போட்ட பத்திரிகையின் மேல் வைத்தார். ஒரு பம்ப். ஒரு கறுப்பு ரப்பர் ரிங். டாங்கிக்கும் மூடிக்கும் நடுவே உட்கார்ந்து பெட்ரோலை வெளியே விடாமல் பிடிப்பது அந்த ரிங்தான் என்பது எனக்கு அப்போது தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், ஆறாம் ஆண்டு அக்காமார் அந்த வருடம் கையில் கறுப்பு ரப்பர் காப்பு போட்டுக்கொண்டு வந்தார்கள் என்பதும், அம்மா எனக்கு வாங்கித் தர மறுத்துவிட்டார் என்பதுந்தான்.

மாமாவுக்குக் கல்யாணமானால் ஞாயிறுதோறும் வர மாட்டார், அதைத் தடுக்கவே எடுத்தேன் என்று இப்போது சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். உண்மை அதுவல்ல. அழகாக இருந்தது, எடுத்தேன். மணிக்கட்டுக்குப் பெரிதாக இருந்ததால் மேலே ஏற்றினேன். முழங்கையைத் தாண்டி, சட்டைக் கையின் உள்ளே போய்ப் பிடித்துக்கொண்டது.

பத்தரை மணிக்கு மாமா ரிங்கைத் தேடினார். பத்திரிகையைத் தூக்கி உதறினார். பீப்பாய்களுக்கு அடியில் பார்த்தார். அப்பா தேடினார், தூக்க வந்த ஆட்கள் தேடினார்கள், நானும் குனிந்து தேடினேன். கோழி விழுங்கியிருக்கலாம் என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் கோழிகளைப் பார்த்தார்கள். பழைய ரிங்கையே போட்டால் என்ன என்று அப்பா கேட்டார். பெட்ரோல் பட்டு அது ஊறிப் பெருத்திருந்தது. அதைப் பள்ளத்தில் ஒரு பக்கம் அமுக்கினால் மறுபக்கம் எழுந்துகொண்டது. மாமா அதை அப்பாவுக்கு மூன்று முறை செய்து காட்டினார்.

ரிங் இல்லாமல் சுங்கை சோ இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அப்பாவின் முகம் சிவந்துகொண்டு வந்தது. நான் பின்பக்கம் ஓடினேன். தண்ணீர்க்குழாயருகே அத்தை உட்கார்ந்து, பெண் வீட்டுக்குக் கொண்டுபோகும் ஆரஞ்சுப் பழங்களைக் கழுவிக்கொண்டிருந்தார். ஏற்கெனவே கழுவிய பழங்களையே மறுபடி கழுவுவதுபோல் எனக்குத் தோன்றியது. சட்டைக் கையை மேலே இழுத்துக் காட்டினேன்.

அத்தை அதைப் பார்த்தார். வாசல் பக்கம் ஒரு முறை பார்த்தார். ஈரக் கையாலேயே என் சட்டைக் கையைக் கீழே இழுத்துவிட்டார்.

“காப்பு நல்லாத்தான் இருக்கு. சாயங்காலம் வரைக்கும் கழட்டாத” என்றார்.

பிறகு எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு முன்பக்கம் போனார். நான் பின்னாலேயே போனேன். அத்தை நேரே வண்டியருகே போய் நின்று, என்னிடம் சொல்லாமல், முதல் முறையாக மாமாவைப் பார்த்தே சொன்னார்:

“அந்தப் பெட்டியில ரிங் வராது. தனியா ஆர்டர் போடணும். கிள்ளான்லேருந்து வர ரெண்டு நாளாகும்.”

அரை மணி நேரத்துக்கு முன்னால் தன் கையாலேயே ரிங்கை எடுத்து வைத்தவர் மாமா. அவர் அத்தையைப் பார்த்தார். இருவரும் பார்த்துக்கொண்டதை நான் கண்டது அன்றுதான்.

“ஆமா” என்றார் மாமா. “வராதுதான். பழசைப் பார்த்துட்டுப் புதுசுன்னு நெனச்சிட்டேன்.”

கடைக்காரம்மாவே சொன்ன பிறகு யார் மறுப்பது? அப்பா வேறு வண்டிக்கு முயன்றார். லயத்தில் இருந்த ஒரே வேன் பத்துமலைக்குப் போயிருந்தது. ஒரு காலத்தில் லோரி ஓட்டிய ஒருவர், சவர்க்காரத்தைப் பிசைந்து அடைத்தால் ஊர் போய்ச் சேரலாம் என்றார். மாமா அவ்வளவு கண்டிப்பாக மறுத்துத் தலையாட்டி நான் பார்த்ததில்லை. கடைசியில் முடிவு சொன்னது அம்மா. தட்டில் சூடம் எரிந்து கருகியிருந்தது. பின்தொட்டி ஒரு பக்கம், பம்ப் ஒரு பக்கமாகக் கிடந்த வண்டியைப் பார்த்து, “பொறப்படறதுக்கு முன்னாலயே வண்டி பிரிஞ்சு கெடக்கு. இதுக்கு மேல சாமி வாயைத் தொறந்து வேற சொல்லணுமா?” என்றார்.

தோட்டத்தில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மட்டுந்தான் கைப்பேசி எடுக்கும். அப்பா அங்கே நடந்து போய்ப் பெண் வீட்டாரிடம் பேசினார். அவர்களும் சகுனம் பார்ப்பவர்கள்தான். இன்னொரு நாள் பார்க்கலாம் என்று அவர்கள் சொன்ன குரலிலேயே அந்த இன்னொரு நாள் வராது என்று தெரிந்ததாக அப்பா வந்து சொன்னார். அம்மா ஆரஞ்சுப் பழங்களை லயத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டார். எனக்கு இரண்டு கிடைத்தன. உரிக்காமலே வைத்துவிட்டேன்.

நான்கு மணிக்கு அத்தை என்னைக் குளியலறைக்குக் கூட்டிப்போய், சவர்க்கார நுரை போட்டு ரிங்கைக் கழற்றினார். நன்றாக அலசி, துடைத்து, தாவணி முனையில் சுற்றிக்கொண்டு போனார். கால் மணி நேரத்தில் மாமா தன் கருவிப்பெட்டியின் அடியில் எப்போதோ வாங்கிப் போட்டிருந்த ரிங் ஒன்றைக் கண்டெடுத்ததாகச் சொன்னார். கச்சிதமாகப் பொருந்தியது. இதைக் காலையிலேயே பார்த்திருக்கக் கூடாதா லா என்று அப்பா நொந்துகொண்டார். மாமா தலையைக் குனிந்துகொண்டே பட்டையை இறுக்கினார்.

ஏழு மாதம் கழித்து மாமாவுக்கும் அத்தைக்கும் கோல சிலாங்கூரில் கல்யாணம் நடந்தது. அந்த ஒன்றரை வயதைப் பற்றி அம்மா கொஞ்ச நாள் பேசினார். யார் எப்போது யாரிடம் கேட்டார்கள் என்பது எனக்குத் தெரியாது. எனக்கு நன்றாகத் தெரிந்தது அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டுந்தான்.

பின்தொட்டியை ஏற்றிப் பூட்டிய பிறகு, டாங்கி நிறைய ஊற்றி ஓட்டிப் பார்த்து வரும்படி அப்பா சொன்னார். கடையிலிருந்து வந்த சாமான் என்பதால் சரியாக இருக்கிறதா என்று தானும் பார்க்க வேண்டும் என்றார் அத்தை. மூன்று பேர் முன்னால் உட்கார்ந்தோம், நான் வழக்கம்போல் நடுவில். தஞ்சோங் காராங்கில் வாய் வரை நிரப்பிக்கொண்டு, வயலுக்கு நடுவே வாய்க்கால் ஓரமாகப் போகும் நேர் ரோட்டில் மாமா ஓட்டினார். ஜன்னல் திறந்திருந்தது. பெட்ரோல் வாசனை இல்லை, நெல் வாசனைதான். என்னிடம் யாரும் எதையும் சொல்லச் சொல்லிக் கேட்கவில்லை.

எனக்குக் காலையிலிருந்து ஒரே கவலை. அத்தை இத்தனை வருடம் கடையில் இருந்தும், பெட்டியில் என்ன வரும் என்பதுகூட அவருக்குத் தெரியவில்லை. கையில் காட்டியும் காப்பு என்கிறார். நல்ல வேளை, கேட்டது மாமாவாக இருந்ததால் விட்டுக்கொடுத்துவிட்டார். தவுக்கே விடுவாரா? இதை அவர் மனம் நோகாமல் எடுத்துச் சொல்ல வேண்டும் என்று வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டே வந்து, பாலத்தருகே சொன்னேன்.

“அத்தை, அந்த ரிங் பெட்டியிலயேதான் வரும். நான் பார்த்தேன். தவுக்கே கேட்டா வராதுன்னு சொல்லிடாதீங்க. வேலை போயிடும்.”

மாமா அழுத்தி பிரேக் போட்டார். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி வாய்க்கால் ஓரத்தில் நின்றது. இரண்டு பேரும் சிரித்தார்கள். மாமா ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தார். அத்தை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். அக்கறையாகச் சொன்னதற்கு இப்படியா என்று எனக்குக் கோபம் வந்தது. அத்தையின் காலைத் தாண்டிக் கதவைத் திறந்து இறங்கினேன்.

பின்சக்கரத்துக்கு முன்னால் குனிந்து பார்த்தேன். டாங்கி நிறைய இருந்தும், அவ்வளவு அழுத்தி பிரேக் போட்டும், ஒரு சொட்டுகூட விழவில்லை. வந்த வேலையை மறக்காமல் பார்த்தது நான் ஒருத்திதான்.