கழுத்தில் விழுந்த எழுத்து

சிவனணைந்தபெருமாள் ஓர் ஆளின் முகத்தைப் பார்க்கமாட்டார், கழுத்தைத்தான் பார்ப்பார். பன்னிரண்டு வயதில் குற்றாலத்துக்கு வந்து, சீசனில் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துப் பிழைத்த காலத்தில் படிந்த பழக்கம் அது. எவ்வளவு பெரிய அதிகாரியானாலும் துண்டைக் கட்டிக்கொண்டு குப்புறப் படுத்துவிட்டால் எல்லாம் ஒரே முதுகுதான். கழுத்து மட்டும்தான் ஆளுக்கு ஆள் வேறு. சங்கிலியை அடகு வைத்துவிட்டு வந்தவனின் கழுத்தைத் தொட்டாலே சொல்லிவிடுவார்.

அப்படி முப்பது வருஷம் முதுகு தேய்த்த கைதான் ஐந்தருவிச் சாலையில் பன்னிரண்டு அறை லாட்ஜைக் கட்டி எழுப்பியது. படிப்பு மூன்றாம் வகுப்பு, அதுவும் பாதி. மீதியைப் படித்தவர்கள் என்ன கிழித்துவிட்டார்கள் என்று அவர் கேட்டால், எதிரில் இருப்பவர்கள் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

இந்த ஆடியில் ஏழாம் நம்பர் அறைக்கு அருமைநாயகம் என்று ஒருவர் குடும்பத்தோடு வந்து தங்கினார். வங்கி மேலாளர். அறையில் சோப்பு சிறியதாக இருக்கிறது என்று இரண்டு முறை கீழே இறங்கி வந்து சொன்ன மனிதர். மறுநாள் மத்தியானம், கழட்டி வைத்திருந்த ஐந்து பவுன் சங்கிலியை அறையில் காணவில்லை என்று சத்தம் போட்டார். அறையைப் பெருக்கப் போனவள் வள்ளித்தாய் ஒருத்திதான். பதினோரு வருஷமாக அந்த லாட்ஜைப் பெருக்குகிறவள். புகார் போனது. ஸ்டேஷனில் அவளை அடுத்த நாள் காலையிலிருந்து சாயங்காலம் வரை உட்கார வைத்து விசாரித்தார்கள். அவள் மகள் ஸ்வாதிக்குக் கீழப்பாவூரில் சம்பந்தம் பேசி நிச்சயத்துக்கு நாள் பார்த்திருந்தது. அந்தச் சேதி போனதும், மாப்பிள்ளை வீட்டார் “பொறவு பாத்துக்கிடுவோம்” என்று போனை வைத்துவிட்டார்கள்.

பெருமாள், லாட்ஜ் வாசல் கேமராவில் பதிந்ததை எடுத்துப் பார்த்தார். சங்கிலியைக் காணோம் என்ற அன்று காலை ஆறு பத்துக்கு மேலாளர் சட்டையில்லாமல், இடுப்பில் துண்டோடு அருவிக்குப் போகிறார். கழுத்தில் சங்கிலி மின்னுகிறது. எட்டு நாற்பதுக்குத் திரும்பி வருகிறார், வெறுங்கழுத்து. பெருமாளுக்கு அதற்குமேல் பார்க்க வேண்டியிருக்கவில்லை. எண்ணெய் தேய்த்த கழுத்தோடு அருவிக்குள் நின்றால் எந்தக் கொக்கியும் தாங்காது. அவர் பார்க்கவே எத்தனையோ சங்கிலிகளை அந்தத் தண்ணீர் வாங்கிக்கொண்டு போயிருக்கிறது.

படத்தைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு போனார். சப்-இன்ஸ்பெக்டர் அதைத் தொடவில்லை.

“இந்தக் குச்சி வேண்டாம் அண்ணாச்சி. இதுல அழிக்கலாம், மாத்தலாம். வட்டமா டிஸ்க் இருக்குல்லா, ஒரு தடவ எழுதுனா எழுதுனதுதான், அதுல போட்டுக் கொண்டாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும். இல்லன்னா அந்தம்மா மேல கேஸ் எழுதும்படி ஆயிரும்.”

அன்றைக்குப் புதன்கிழமை. ஸ்டூடியோக்காரன், கல்யாண வேலை கிடக்கிறது, திங்கட்கிழமை தருகிறேன் என்றான். அவன் காலண்டரில் வெள்ளிக்கிழமை அதற்குப் பிறகுதான் வருகிறது போலிருக்கிறது. வீட்டில் மகள் கல்லூரிக்குப் போன காலத்தில் வாங்கிய கம்ப்யூட்டர் இருந்தது. பொத்தானை அமுக்கினால் டிஸ்க் வைக்கிற தட்டைப் பல் மாதிரி நீட்டும். நாமே எழுதிவிடுவோம் என்று தென்காசிக்குப் பஸ் ஏறினார்.

கம்ப்யூட்டர் கடை இசக்கிமணி, கல்லூரிப் பட்டத்தைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருப்பவன்.

“அண்ணாச்சி, டிஸ்க்ல எழுதணும்னா அதுக்குன்னு சாப்ட்வேர் போடணும். நாலாயிரத்து எண்ணூறு ஆவும். வருஷா வருஷம் புதுப்பிக்கணும்.”

“வருஷா வருஷமா? நான் ரூம வாடகைக்கு விட்டுப் பொழைக்கவன்லே. எங்கிட்டயே வாடகை பேசுதியோ?”

“சரி, முந்நூறு குடுங்க. ஒரிஜினல் இல்ல, பூட்ட ஒடச்சது. ஒரு பயலுக்கும் தெரியாது.”

“ஒருத்தியக் களவாணின்னு சொல்லுதான், அது இல்லன்னு காட்டதுக்கு டிஸ்க் எழுதப் போறேன். அதக் களவாண்ட சாமான வச்சு எழுதச் சொல்லுத. இதத்தான் மூணு வருஷம் காலேஜுல சொல்லிக் குடுத்தானா?”

இசக்கிமணி சுவரைப் பார்த்தான். பெருமாள் வெறும் டிஸ்க் மூன்று மட்டும் வாங்கிக்கொண்டு இறங்கினார்.

மறுநாள் பெங்களூரில் இருக்கும் மருமகன் நம்பிராஜனுக்குப் போன் போட்டார். என்ஜினீயர். வீட்டில் பல்பு மாற்ற ஆளைக் கூப்பிடுகிற என்ஜினீயர்.

“இந்தக் காலத்துல யாரு மாமா டிஸ்க் வச்சிருக்கா? லிங்க் அனுப்புனாப் போதாதா?”

“கேட்டது போலீஸு மாப்ள. நீங்க வந்து அவருகிட்டச் சொல்லுதீயளா?”

மருமகன் பெங்களூரில் இருந்துகொண்டே இந்தக் கம்ப்யூட்டருக்குள் புகுந்தான். அம்பு தானாக ஓடியது. டிஸ்க்கைப் போட்டதும் கம்ப்யூட்டர் ஏதோ கேட்டு ஒரு பெட்டியைக் காட்டியது. அதை என்னவென்றுகூடப் பார்க்காமல் பெருக்கல் குறியை அமுக்கி மூடினான். பிறகு எதையோ இறக்கினான்.

“இது ட்ரையல் மாமா. காசே வேண்டாம். வேலை முடிஞ்சிது.”

எழுதி வந்த டிஸ்க்கை மறுபடி போட்டு ஓட்டினார்கள். படத்தின் நடுவே குறுக்காக, பச்சை நிறத்தில், கட்டைகட்டையான இங்கிலீஷ் எழுத்து. சாப்ட்வேர்காரன் தன் பேரை அடித்திருந்தான். அது சரியாக மேலாளரின் கழுத்து உயரத்தில் விழுந்திருந்தது. போகும்போதும் வரும்போதும் அவர் கழுத்தில் அந்தப் பேர்தான் தொங்கியது.

பின்னால் நின்ற வள்ளித்தாய் மெதுவாகச் சொன்னாள்: “மொதலாளி, அந்த ஆளு மூஞ்சி தெரியுது. கழுத்தக் காணோமே.”

“மாப்ள, என்ன இது?”

“அது வாட்டர்மார்க் மாமா. பணம் கட்டுனாப் போயிரும்.”

“நீங்க வாங்குத சம்பளத்துக்கு ஓசியிலதான் தேடுனீயளா? சரி, வைங்க. ஆபீஸ்ல தேடப்போறாங்க.”

போனை வைத்தார். மறுநாள் வெள்ளிக்கிழமை. வள்ளித்தாய் சேலை நுனியைத் திருகிக்கொண்டு நின்றாள். “நான் செய்யாததுக்கு உள்ள போகணுமா மொதலாளி? எம்புள்ள...” என்றாள்.

“வாய மூடிட்டு நில்லுட்டி.”

இரண்டாவது டிஸ்க்கைப் போட்டார். கம்ப்யூட்டர் முனகியது. அதே பெட்டி மறுபடி எட்டிப் பார்த்தது. பெருமாள் அதை மூடவில்லை. கேட்க வந்தவனை என்ன ஏது என்று விசாரிக்காமல் கதவைச் சாத்துவது படித்தவர்கள் பழக்கம். லாட்ஜ் நடத்துகிறவன் அப்படிச் செய்தால் பட்டினிதான். இங்கிலீஷில் அவருக்கு அறை எண்ணும் ‘ஃபுல்’ என்ற பலகையும்தான் வாசிக்க வரும். ஆனால் அமுக்க அமுக்க ஒரு பெட்டி போய் இன்னொன்று வந்தது; அதில் எழுத்தோடு இரண்டு படம் இருந்தது. ஒன்று குச்சி. ஒன்று வட்டம்.

“குச்சி வேண்டாம்னாரு. வட்டம் வேணும்னாரு,” என்று சொல்லிக்கொண்டே வட்டத்தை அமுக்கினார்.

வெள்ளையாக ஒரு பக்கம் திறந்தது. லாட்ஜ் போட்டோக்களைத் தள்ளிப் பழகிய கை. பென் டிரைவிலிருந்த இரண்டு படத்தையும் இழுத்து அதில் போட்டார். மேலே இன்னொரு வட்டம் தெரிந்தது. அதையும் அமுக்கினார். பச்சைக் கோடு ஒன்று மெல்ல நகர்ந்து நிறைந்ததும், பல் தானாக வெளியே நீண்டது. டிஸ்க் இளஞ்சூடாக இருந்தது. ஓட்டிப் பார்த்தால் படத்தின் மேல் ஒரு எழுத்து இல்லை. கழுத்து கழுத்தாகத் தெரிந்தது. மூன்றாவது டிஸ்க்கிலும் அதையே எழுதி வைத்தார். நாலாயிரத்து எண்ணூறு கேட்ட சாமான், வாங்கின நாளிலிருந்து இந்தக் கம்ப்யூட்டருக்குள்ளேயே கிடந்திருக்கிறது. படித்த இரண்டு பேரில் ஒருவன் அது இருப்பதையே சொல்லவில்லை; இன்னொருவன் அதன் முகத்தில் கதவைச் சாத்தியிருக்கிறான்.

வெள்ளிக்கிழமை ஸ்டேஷனில் அருமைநாயகம் சட்டையின் மேல் பொத்தான் வரைக்கும் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சப்-இன்ஸ்பெக்டர் டிஸ்க்கை ஓட்டினார்.

“ஆறு பத்து. கழுத்தப் பாருங்க சார்,” என்றார் பெருமாள். “இது எட்டு நாப்பது. இப்பப் பாருங்க. பிடரியத் தடவிக்கிட்டே வாராருல்லா? கொக்கி அறுத்த எடம். சுரீர்னு இருந்திருக்கும். எண்ணெயில வழுக்கிப் போனது தெரிஞ்சிருக்காது.”

படத்தை நிறுத்தி, பின்னால் தள்ளி, மறுபடி பார்த்தார்கள்.

“சார், இது ரூம்ல போகல. அருவியில போயிருக்கு,” என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

“கழட்டி வச்சதாத்தான் ஞாபகம்... ஏதோ டென்ஷன்ல... வாபஸ் வாங்கிக்கிறேன்.”

“வாயால வேண்டாம் சார், எழுதிக் குடுங்க,” என்றார் பெருமாள். “ஒங்களுக்கு எழுதத் தெரியும்லா.”

மேலாளர் எழுதினார். வள்ளித்தாயின் பக்கம் அவர் திரும்பவில்லை. அந்தக் கழுத்து அப்படித் திரும்பாது என்பது பெருமாளுக்கு முதல் நாளே தெரியும்.

ஏட்டையா வெளியே வரைக்கும் கூடவே வந்தார். “டிஸ்க் எழுத ஸ்டூடியோல எவ்வளவு வாங்குனான் அண்ணாச்சி?”

“ஸ்டூடியோவா? கம்ப்யூட்டர்லயே கெடக்கு அதெல்லாம்.”

“எங்கன கெடக்கு? எங்களுக்குத் தெரியலியே.”

“அதுக்கு மூணாங் கிளாஸ் படிச்சிருக்கணும்.”

வாசலில் வள்ளித்தாய் கையை நீட்டினாள். “அந்த இன்னொரு தட்ட எனக்குக் குடுங்க.”

“ஒன் வீட்ல எதுல போட்டுப் பாக்கப்போற?”

“நான் பாக்கவா கேட்டேன்? கீழப்பாவூருக்காரங்க வீட்ல கம்ப்யூட்டர் இருக்கு. அவங்க பாக்கட்டும்.”

அவர் அவளை ஒரு பார்வை பார்த்தார். “மினுக்குத பக்கம் வெரல் படாமப் புடி. அந்தாளு எழுதுனதுக்கும் ஒரு நகல் கேட்டு வாங்கிக்க. படிச்ச குடும்பம்; கண்ணால பாத்தாலும் காயிதம் இல்லாம நம்பமாட்டாங்க.”

அவள் நகலை வாங்கிக்கொண்டு அங்கிருந்தே கீழப்பாவூருக்குப் பஸ் ஏறினாள். லாட்ஜுக்கு வந்த பெருமாள், மேலாளர் காலி செய்துவிட்டுப் போன ஏழாம் நம்பர் அறையைத் திறந்தார். கட்டிலடியில் எண்ணெய்ப் பாக்கெட்டுகளும், பிரிக்காத இரண்டு சோப்புகளும் கிடந்தன. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு விளக்குமாற்றை எடுத்தார்.