இன்னொரு பார்ட்டி

வீட்டு புரோக்கரின் மனைவிக்கு ஒரு தொழில் இருந்தது. அதற்குப் பெயர் இன்னொரு பார்ட்டி. வாடகைக்கு வீடு பார்க்க வந்தவர்கள் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பிடித்ததைப் பிடிக்காதது போல மூஞ்சியை வைத்துக்கொண்டு, "கொஞ்சம் கொறைச்சா நல்லா இருக்கும்" என்று இழுக்கும் நேரம் பார்த்து அவள் படியேறி வருவாள். கையில் பெரிய பை, தலையில் ஏற்றிவிட்ட கூலிங் கிளாஸ்.

"ஐயோ, சீக்கிரம் வந்துட்டேனா?" என்பாள்.

புரோக்கர் கையைப் பிசைவான். "இன்னொரு பார்ட்டி சார். அஞ்சு மணிக்குத்தான் வரச் சொன்னேன், கேக்கல." அத்தோடு பேரம் படுத்துவிடும். வந்தவர்கள் பர்ஸைத் திறப்பார்கள்.

ஒரு வீட்டில் அவள் பேங்க் மேனேஜரின் மனைவி. இன்னொரு வீட்டில் காலேஜ் டீச்சர். எந்த வேஷமானாலும் அவள் புருஷன் வெளியூரில்தான் இருப்பான். நிஜப் புருஷன் சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்று, "சார் எப்ப வருவாரு மேடம்?" என்று கேட்பான். "அவருக்குப் பெரிய பொறுப்புங்க, லீவு கெடைக்கிறதே கஷ்டம்" என்று அவள் சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு பெருமை தெரியும். பாவம், அவனைப் பற்றி அவள் நல்லதாக நாலு வார்த்தை பேசியது அந்த மாதிரி இடங்களில்தான்.

அவர்கள் கல்யாணம் செய்துகொண்ட காலத்தில் ஊரில் பாதி வீடு பூட்டிக் கிடந்தது. வீட்டுக்காரர்களே புரோக்கரைக் கூப்பிட்டு உட்காரவைத்து உபசரிப்பார்கள். பிறகு புறவழிச்சாலையில் பெரிய ஆஸ்பத்திரி வந்தது, அதைச் சுற்றி நாலு தெருவில் வாடகை ஏறியது. அடுத்து கம்ப்யூட்டர் கம்பெனி வந்ததும், கம்பெனிக்கும் தங்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லாத தெருக்களுக்கெல்லாம் ஜுரம் தொற்றிக்கொண்டது. ஒரு பெட்ரூமை பிளைவுட்டால் தடுத்து இரண்டாக்கினார்கள். மாடிப்படிக்கு அடியில் கதவு வைத்து ஸ்டோர் ரூம் என்றார்கள், மறுவருடம் அதையே தனி ரூம் என்று ஒரு பிரம்மச்சாரியின் தலையில் கட்டினார்கள். பால்கனியிலிருந்து எக்கிப் பார்த்தால் பஸ் ஸ்டாண்டின் ஒரு மூலை தெரிகிறது என்பதற்குக்கூடத் தனி ரேட்.

இந்த ஏற்றத்தில் பாதி தானாக வந்தது. மீதியைப் புரோக்கர் வரவழைத்தான். ஒரு மாத வாடகைதான் அவன் கமிஷன், ஆகவே வாடகை ஏறினால் அவனும் ஏறுவான். இல்லாத வீட்டுக்கு இல்லாத வாடகையைப் போட்டு செல்போனில் விளம்பரம் கொடுப்பான். அதைப் பார்க்கும் வீட்டுக்காரர்கள், ஐயோ நாம்தான் ஏமாந்து போயிருக்கிறோம் என்று வயிறெரிந்து ரேட்டை ஏற்றுவார்கள். ஏற்றியதை நிலைநிறுத்த இன்னொரு பார்ட்டி இருக்கவே இருக்கிறாள்.

அவளுக்கும் அந்த வேலை பிடித்திருந்தது. அடுத்தவர் வீட்டு அலமாரியைக் கூச்சமில்லாமல் திறந்து பார்க்க வேறு எந்த உத்தியோகத்தில் முடியும்? ஊரில் அவள் பார்க்காத சமையலறை இல்லை. அவளுடைய சமையலறையோ ஒரு லேத் பட்டறைக்குப் பின்னால் இருந்தது. அங்கே ஜன்னலைத் திறந்தால் கைக்கெட்டும் தூரத்தில் அடுத்த கட்டடத்தின் சுவர். பாத்ரூம் போக வேண்டுமானால் முதலில் ஃப்ரிட்ஜைச் சாத்த வேண்டும். ஆனால் வாடகை குறைவு, அதனால்தான் காலம் ஓடியது.

ஒருநாள் காலையில் வீட்டுக்காரர் வந்தார். பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்.

"தப்பா நெனைக்காதம்மா. அடுத்த மாசத்துலேர்ந்து வாடகை ஒண்ணரை மடங்கு. முடியலைன்னா காலி பண்ணிக் குடுத்துரு."

"என்ன சார் திடீர்னு?"

"திடீர்னு என்ன? இதோ நமக்குப் பின்னாடி பில்டிங்ல ஒரு வீட்டுக்கு ரேட் சொன்னதும், பாக்க வந்த ஒரு அம்மா 'இவ்வளவுதானா?'ன்னு கேட்டுச்சாம். புருஷன் வெளியூர்ல பெரிய வேலையாம். ஊரு எங்கியோ போயிருச்சு, நான்தான் இன்னும் சில்லறை எண்ணிக்கிட்டு இருக்கேன்."

அந்த அம்மா அவளேதான். உள்ளே பல் விளக்கிக்கொண்டிருந்த புரோக்கர் நுரையோடு எட்டிப் பார்த்து, "யாரு சார் அந்த அம்மா?" என்று வேறு கேட்டான். அவர் போனதும் சண்டை பிடித்துக்கொண்டது.

"ஏண்டி, போயும் போயும் நம்ம பின்சுவத்துலயா ஏத்துவ?"

"நீங்கதான கண்ணைக் காட்டினீங்க!"

"அது நம்ம பின்பக்கம்னு உனக்குத் தெரியாது?"

"உங்களுக்குத் தெரிஞ்சுதா?"

இருவருக்குமே தெரிந்திருக்கவில்லை. அந்தக் கட்டடத்துக்கு வாசல் மெயின் ரோட்டில். தினமும் தங்கள் சமையலறைக்கு எதிரே நிற்கும் சுவர் அதனுடைய முதுகுதான் என்று தொழில் மும்முரத்தில் தோன்றவே இல்லை.

வீடு தேடி அலைந்தார்கள். புரோக்கர் குறைத்துக் கேட்ட இடத்திலெல்லாம் அவனே கிளப்பிவிட்ட ரேட்டை அவனுக்கே சொன்னார்கள். ஓரிடத்தில் வேறொரு புரோக்கர் வீட்டைக் காட்டிக்கொண்டிருக்கும்போது ஒரு பெண் கைப்பையோடு மூச்சிரைக்க வந்து, "சீக்கிரம் வந்துட்டேனா?" என்றாள். நடிப்பு சுமார்தான். ஆனால் அதைச் சிரித்து ரசிக்கும் நிலையில் அவள் இல்லை. தெருவுக்கு வந்ததும் அழுதாள். பத்தாவது படிக்கும் மகளோடு மாதக் கடைசியில் எந்தப் படியில் போய் நிற்பது?

இதற்கிடையில் வயிற்றுப்பாட்டையும் பார்க்க வேண்டுமே. பல் டாக்டரம்மா ஒருவரின் மாடி வீடு கைக்கு வந்தது. கீழே ஒரு பாதியில் அவருடைய கிளினிக், மறுபாதியில் ஒரு சின்ன வீடு, மேலே இந்தப் போர்ஷன். பார்க்க வந்தவர்கள் செல்போன் கடைக்காரரும் மனைவியும். அவர்கள் பேரத்தை ஆரம்பித்ததும் அவள் வழக்கம்போலப் படியேறினாள். வழக்கம்போல நேரே சமையலறைக்குப் போனாள்.

அங்கே மேடை அவள் உயரத்துக்குச் சரியாக இருந்தது. ஜன்னலுக்கு வெளியே சுவர் இல்லை, ஒரு மரம் இருந்தது. பக்கத்து ரூமில் மகளுக்கு ஒரு மேஜை போட்டாலும் நடக்க இடம் மிஞ்சும். அவளுக்கு அந்த வீடு வேண்டும் போல இருந்தது. இத்தனை வருடம் எத்தனையோ வீட்டில் பிடித்திருக்கிறது என்று சொன்னவளுக்கு, நிஜமாகப் பிடித்தபோது வசனம் மறந்துவிட்டது.

குழாயைத் திறந்தாள். "தண்ணி மஞ்சளா வருதே," என்றாள்.

புரோக்கர் திடுக்கிட்டான். "மேடம், அது கொஞ்ச நேரம் விட்டா..."

அவள் சுவரைத் தட்டினாள். "மழையில ஊறியிருக்கு. மேல பெயிண்ட் அடிச்சு மறைச்சிருக்காங்க. கீழ பல்லு ராவுற மெஷின் சத்தம் நாள் பூரா கேக்கும். மனுஷன் தூங்கினாப்லதான்!"

"மேடம்... மேடம்..." என்று அவன் கெஞ்சினான். செல்போன் கடைக்காரர் யோசித்துச் சொல்வதாகக் கிளம்பிவிட்டார். சொன்னதில் ஒன்றும் பொய் இல்லை என்பது வேறு விஷயம்.

மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டபடி கதவருகில் டாக்டரம்மா நின்றிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருந்தார்.

"வர்றவங்க எல்லாரும் சூப்பர்னு சொல்லிட்டு, அப்புறம் ஃபோனை எடுக்கறதில்ல. நீங்கதான் மூஞ்சிக்கு நேரா சொல்றீங்க. சரி, நீங்க என்ன தருவீங்க?"

அவள் வழக்கம்போலப் புருஷனை வெளியூரில் வைத்துவிட்டு, தங்களால் முடிந்ததைச் சொன்னாள். டாக்டரம்மா சுவரையும் குழாயையும் ஒருமுறை பார்த்துவிட்டுச் சரி என்றார்.

"ஆனா இந்த ஆளுக்கு நீங்க கமிஷன் குடுக்காதீங்க. மூஞ்சியைப் பாத்தாலே தெரியுது, சரியான ஃப்ராடு."

"சரிங்க டாக்டர்," என்றாள் அவள், புருஷனைத் திரும்பிப் பார்க்காமல்.

குடிவந்த அன்று அந்த ஃப்ராடு தலையில் மெத்தையோடு படியேறுவதை டாக்டரம்மா பார்த்துவிட்டார். "நீ எங்கய்யா இங்க?"

"என் வீட்டுக்காரர்தான் டாக்டர்," என்றாள் அவள்.

"அவர் வெளியூர்ல இருக்கறதா சொன்னீங்க?"

"வந்துட்டாரு."

டாக்டரம்மாவுக்கு விஷயம் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கீழ் வீடும் காலியாகுது. அதுக்கு இன்னொரு பார்ட்டியா நீங்க வந்துருங்க. உங்க வாடகையில நான் கை வைக்க மாட்டேன்," என்றார். மெத்தைக்கு அடியிலிருந்து, "கண்டிப்பா டாக்டர்!" என்று குரல் வந்தது.

அந்த வீட்டில் அவள் சந்தோஷமாக இருந்தாள். மெஷின் சத்தம்கூடப் பழகிவிட்டது. யார் வீட்டு அலமாரியையும் திறந்து பார்க்கும் ஆசை வரவில்லை.

கீழ் வீட்டைப் பார்க்க ஒரு பெண் தன் அம்மாவோடு வந்தாள். துணிக் கம்பெனியில் சூப்பர்வைசராம். புரோக்கர் இரண்டு தடவை இருமினான், அதுதான் சைகை. அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். கிளினிக் வாசலில் டாக்டரம்மா வேடிக்கை பார்க்க வசதியாக நின்றுகொண்டார். உள்ளே அந்தப் பெண் ஜன்னலோரத்தைச் சாண் போட்டு அளந்துகொண்டிருந்தாள்.

"இங்க உனக்குக் கட்டில் போட்டுரலாம்மா. காத்து வரும்," என்றாள் அம்மாவிடம். பிறகு புரோக்கரைப் பார்த்து, "கொஞ்சம் கொறைச்சா..." என்று ஆரம்பித்தாள்.

"இன்னொரு பார்ட்டி வந்துட்டாங்களே மேடம்," என்று புரோக்கர் கையைப் பிசைந்தான்.

அளந்துகொண்டிருந்த கையை அந்தப் பெண் எடுத்துவிட்டாள். முகம் சுருங்கிப்போனது. இப்படிச் சுருங்கிய முகங்களை இவள் எத்தனையோ பார்த்திருக்கிறாள், ஒன்றையாவது நினைத்து வருந்தியதில்லை. இப்போது தன் மேலேயே கோபம் பொங்கிக்கொண்டு வந்தது.

"இன்னொரு பார்ட்டியும் இல்ல, மண்ணும் இல்ல," என்றாள். "நான் மேல் வீட்ல குடியிருக்கேன். இந்த ஆளு என் புருஷன். நீங்க பாட்டுக்குக் கொறைச்சுக் கேளுங்க."

அந்தப் பெண் குறைத்துக் கேட்டாள். கேட்ட விலைக்கே வீடு முடிந்தது. புரோக்கர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான்.

சாயங்காலம் டாக்டரம்மா மேலே வந்தார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. "உங்க வாடகையை நான் மாத்த வேண்டியிருக்கும். இந்த வீட்டை ரெண்டு மடங்குக்கு இன்னொரு பார்ட்டி கேக்கறாங்க."

இந்த வீடும் போய்விடுமோ என்று நிஜமாகவே பயந்தாள். ஆனாலும் அவள் அந்தத் தொழிலில் ஊறியவள்.

"வரச் சொல்லுங்க டாக்டர்," என்றாள். "வீட்டை நானே சுத்திக் காட்டறேன்."

டாக்டரம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கீழே போய்விட்டார். இதுவரை யாரும் வரவில்லை.