நெல்லாகக் கொடுத்த கூலி

என் கூலியாட்களை நான் ஏமாற்றினேன். அளவில் குறைக்கவில்லை, பாக்கி வைக்கவில்லை. காசாகக் கொடுத்துவந்த கூலியை நெல்லாக மாற்றினேன். நெல் விலை விழப்போகிறது என்று தெரிந்தே மாற்றினேன்.

இதில் என்ன ஏமாற்று என்று நீங்கள் கேட்கலாம். ஊரில் ஒருவர்கூட அதை ஏமாற்று என்று சொல்லவில்லை. வாழ்த்தினார்கள்! அந்த வாழ்த்தைத்தான் இன்னும் மறக்க முடியவில்லை.

உப்பூருக்கு மேற்கே எனக்குக் கண்மாய்ப் பாசனத்தில் நஞ்சை உண்டு. யுத்தகாலத்தில் அரிசிக்கு நாம் பட்ட பாடு உங்களுக்கும் நினைவிருக்கும். கையில் காசு இருந்தும் அடுப்பில் உலை ஏறாத காலம். அதைப் பார்த்தவர்களுக்கு நெல் என்றால் உயிர். காசு என்றால் சந்தேகம்.

சுதந்திரம் வந்து சில ஆண்டுகளில் நிலைமை தலைகீழானது. அரசாங்கம் தானியக் கட்டுப்பாட்டை எடுத்தது. மழை தொடர்ந்து பெய்து கண்மாய்கள் நிரம்பி வழிந்து மறுகால் பாய்ந்தன. தஞ்சாவூர் நெல்லும் வந்து குவிந்தது. வங்கிகள் கடனை இறுக்கவே, பதுக்கி வைத்திருந்த வியாபாரிகள் மூட்டைகளை வெளியே தள்ளினார்கள். எல்லோரும் விற்க வந்தால் வாங்குவது யார்? விலை இறங்கத் தொடங்கியது. பத்திரிகையில் படித்தேன். ராமநாதபுரம் மண்டியில் விசாரித்து உறுதியும் செய்துகொண்டேன்.

எனக்குப் பயம் வந்தது. அதை மறைக்க மாட்டேன். நெல் விலை இறங்கினாலும் நிலத்தீர்வை இறங்காது. கூலியும் ரூபாய்க் கணக்கில் நின்றால், ஒரு மூட்டை விற்றுக் கொடுத்த கூலிக்கு நாளை ஒன்றரை மூட்டை விற்க வேண்டியிருக்கும். அந்த நஷ்டத்தை நான் ஏன் சுமக்க வேண்டும்...? கூலியாட்களைக் கூப்பிட்டு, இனிமேல் நெல்லாகவே தருகிறேன் என்றேன். அன்றைய விலைக்குச் சரியான அளவு; பிறகு விலை எப்படிப் போனாலும் அதே அளவுதான்.

வீராயி என்னிடம் நடவுக்கும் அறுப்புக்கும் வருபவள். அவள் புருஷன் மூக்கன் அப்போது என் ஏர் ஓட்டிவந்தான். அவள்தான் முதலில் கும்பிட்டாள்.

"யாருக்குய்யா இந்த மனசு வரும்? நெல்லா குடுத்தீகன்னா எங்க அடுப்பு அணையாது."

அந்தக் கும்பிடையும் வாங்கிக்கொண்டேன்!

அவளுடைய கவலை வயிறு மட்டும் அல்ல என்பது எனக்குத் தெரியும். மூக்கனுக்குக் கண்ணில் கோளாறு. மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் ஆபரேஷன் செய்யாவிட்டால் பார்வை போய்விடும், தாமதிக்காதே என்று ராமநாதபுரத்து டாக்டர் சொல்லியிருந்தார். ரயிலுக்கும், மருந்துக்கும், அங்கே தங்கிச் சாப்பிடவும் பணம் வேண்டும். வீராயி கூலி நெல்லில் வாயைக் கட்டி மிச்சம் பிடித்தாள். அவள் சேர்க்கச் சேர்க்க, சேர்த்ததன் மதிப்பு கரைந்துகொண்டே போனது. நெல்தானே மலிந்தது... ரயில் கட்டணமா மலிந்தது?

அந்த நாட்களில் கீழக்கரையில் ஜவுளிக் கடை வைத்திருந்த சாகுல் என்னிடம் புலம்பினார்.

"சேல எடுக்க வாரவுக தடவிப் பாத்துட்டுப் போயிறாகண்ணே. அடுத்த மாசம் இன்னும் கொறையும்னு நெனப்பு. எனக்கு ஏவாரம் இல்ல. நான் வாங்காட்டி தறிக்காரனுக்கு வேல இல்ல. அவன் எதை வச்சு ஒங்க நெல்ல வாங்குவான்?"

விலை இறங்கினால் ஏழைக்கு லாபம் என்று நம்பியவன் நான். இறங்கிக்கொண்டே போனால் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பார்கள், ஒருவன் வருமானம் நின்றால் அடுத்தவன் வருமானமும் நிற்கும் என்பது அன்றுதான் உறைத்தது. உறைத்து என்ன பயன்? கூலியைப் பழையபடி காசாக மாற்றினேனா? இல்லை.

அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. சாலை, கண்மாய் வேலைகளைத் தொடங்கி ஊருக்குள் கொஞ்சம் காசை இறக்கியது. நெல் விலை ஓர் அளவுக்குக் கீழே போனால் தானே வாங்கிக்கொள்வதாகவும் அறிவித்தது. ஆனால் காய்ந்து சுத்தமான நெல்லை வண்டி வண்டியாக டவுனுக்குக் கொண்டுபோக வேண்டும். அது என்னைப் போன்றவனுக்கு முடியும். வீராயிக்கு?

அறிவிப்பை நான் படித்த வாரத்தில்தான் அவள் சேர்த்த நெல்லோடு வந்தாள்.

"இத எடுத்துக்கிட்டு காசா குடுங்கய்யா. அவரு கண்ணு மங்கிக்கிட்டே வருது."

அன்றைய சந்தை விலைக்கு எடுத்துக்கொண்டேன். அதையும் என் நெல்லோடு வண்டியில் ஏற்றி, சந்தையைவிடக் கூடுதலான அரசாங்க விலைக்கு விற்றேன்! அந்த விலையை அவளுக்கே கொடுத்திருந்தால் மறுநாளே ரயில் ஏறியிருப்பார்கள். நான் கொடுத்தது போதவில்லை. மீதிக்கு அவள் இன்னும் சில மாதம் உழைத்தாள். மதுரைக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது, கண் நரம்பு செத்துவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று டாக்டர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

சந்தை விலைதானே கொடுத்தேன், இதில் என் குற்றம் என்ன என்று எத்தனையோ முறை எனக்கு நானே வாதாடியிருக்கிறேன். ஒருமுறைகூட ஜெயித்ததில்லை.

மூக்கன் இப்போது என் களத்தில் உட்கார்ந்து பனைநாரில் கயிறு திரிக்கிறான். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று இரண்டொரு தடவை அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "நீங்க நெல்லு குடுத்ததுலதேன் நாங்க உசுரோட இருக்கோம்" என்று அவனே ஆரம்பித்துவிடுவான். நான் எழுந்து வந்துவிடுவேன்.

இந்த வருஷம் காற்று திரும்பிவிட்டது. எல்லா விலையும் ஏறுகிறது, நெல் முன்னால் ஓடுகிறது. கூலியைக் காசாக மாற்றிவிடலாம் என்றான் என் மகன். அவன் ஏன் சொல்கிறான் என்று எனக்கா தெரியாது? சரி என்றேன்... ஆம், சரி என்றுதான் சொன்னேன்!

போன சனிக்கிழமை முதல் காசுக் கூலி. மூக்கன் நோட்டை விரலால் தடவிப் பார்த்தான்.

"இது எத்தன ரூவா நோட்டுய்யா?"

"அஞ்சு ரூவா மூக்கா."

"அய்யா சொன்னாச் சரிதேன்."

நான் பொய் சொல்லவில்லை. ஐந்து ரூபாய்தான். அதற்கு இப்போது எவ்வளவு அரிசி கிடைக்கும் என்று அவன் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.