மொழுமொழு டயரில் ஒட்டிய சிவப்பு ஸ்டிக்கர்

எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்க. அஞ்சாவதோடு என்னை நிறுத்திவிட்டார்கள். எழுதிக்கொண்டிருக்கும்போதே பாதி மறந்துபோகிறது. நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது, அதனால்தான் எழுதுகிறேன்.

என் மகன் நல்லூரில் பனியன் தைக்கிற சின்ன யூனிட் வைத்திருக்கிறான். ஒரே பையன். போன வருசம் இரண்டே கதவு வைத்த ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைப் பழசாக வாங்கினான். தரையோடு தரையாக இருக்கும். ஏறி உட்கார்ந்தால், இறங்க எனக்கு ஒரு ஆள் கை கொடுக்க வேண்டும். அதை ரேஸில் விடப் போகிறேன் என்றான். வளைவே கிடையாதாம். இரண்டு கார் பக்கத்தில் பக்கத்தில் நின்று, நேராகக் கால் மைல் பறக்குமாம். நாம் மூச்சு விடுவதற்குள் முடிந்துவிடுமாம்.

அவிநாசி கோயிலுக்குப் போய்விட்டு வரும்போது டயர் கடையில் நிறுத்தினான். கடைக்காரர் இரண்டு டயரை உருட்டிவந்து வைத்தார். ஒன்றில் நாலைந்து கோடு வெட்டியிருந்தது. இன்னொன்றில் கோடே இல்லை.

"கண்ணு, இது தேஞ்சு போன டயராட்ட இருக்குது" என்று மகன் காதில் சொன்னேன். கடைக்காரர் காதிலும் விழுந்துவிட்டது.

"புதுசுங்கம்மா" என்று சிரித்தார். "ரேஸ் டயர் இப்படித்தான் வரும். கோடு இல்லாட்டித்தான் ரப்பர் முழுசாத் தரையில ஒட்டும். காத்தும் கம்மியாத்தான் அடிக்கோணும். கெளம்பறதுக்கு முந்தி நின்ன எடத்துலயே சக்கரத்தைச் சுத்தவிட்டுச் சூடேத்தினாப் பசையாட்டப் புடிக்கும். ஆனா ஈரம் ஆகாதுங்க. ரேஸ் நடக்கற எடத்துல மாட்டி, அங்கியே கழட்டீரோணும்."

கோடு போட்ட டயருக்குப் பிடி கொஞ்சம் குறைவாம். ஆனால் ரோட்டிலும் ஓட்டிக்கொள்ளலாமாம்.

"எங்கம்மா முப்பது வருசம் பனியன் கம்பெனியில செக்கிங்ங்க" என்றான் மகன். "கை வெச்சா ஊசி ஓட்டை கூடத் தப்பாது. தொட்டுப் பாத்துச் சொல்லும்மா, எதை எடுக்கட்டும்?"

கட்டைவிரலை வைத்துத் தடவினேன். மொழுமொழுவென்று போனது. விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டேன்.

"நீயே பாத்துக்க சாமி" என்றேன். பின்சக்கரத்துக்கு மொழுமொழு டயரே இரண்டு எடுத்தான்.

இந்த விரலால் முன்னாலும் ஒரு டயரைத் தடவியிருக்கிறேன். அவன் அப்பாவின் மொபெட் டயர். பையன் அப்போது மூணாவது படித்தான். வேலைக்குக் கிளம்பும்போது வண்டியை ஸ்டாண்டு போட்டு, பின்சக்கரத்தைச் சுற்றிக் காட்டி அவர் கேட்டார்: "நீதான் செக்கிங்காச்சே புள்ள. இந்த மழைக்குத் தாங்குமா?"

விரலை வைத்துத் தடவினால் கோடு இருக்கிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. எனக்குக் கம்பெனி வண்டி போய்விடும் என்கிற அவசரம். "தாங்குமுங்க, போய்ட்டு வாங்க" என்றேன்.

அருள்புரம் பக்கம் மழையில் வழுக்கி லாரிக்கு அடியில் போய்விட்டார். பையனிடம் லாரி அடித்துவிட்டது என்று மட்டும் சொன்னேன். இன்றுவரை அவனுக்கு அவ்வளவுதான் தெரியும்.

ரேஸுக்கு வாங்கிய அந்த இரண்டு டயரையும் யூனிட்டில் துணி பண்டலுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்தான். அவன் வெளியே போயிருந்த ஒரு மத்தியானம் செக்கிங் டேபிளில் இருந்து சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ரோலை எடுத்தேன். பனியனில் டேமேஜ் கண்டால் அந்த இடத்தில் ஒட்டுவோமே, அதுதான். டயரைச் சுற்றிச் சுற்றி ஒட்டினேன். எங்கே தொட்டாலும் டேமேஜாகத்தான் தெரிந்தது. ரோல் தீர்ந்துபோனது.

அவன் வந்து பார்த்தான். டைலர்கள் எல்லாம் மிசினை நிறுத்திவிட்டார்கள்.

"ஓனருங்க, ரெண்டு பீஸும் ரிஜெக்ட்டுங்க" என்றார் அயர்ன் மாஸ்டர். எல்லாரும் சிரித்தார்கள்.

"ஏம்மா, வெளையாட்டா? இது இப்படித்தான்னு கடைக்காரரு சொன்னாரல்ல?" என்றான். குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாக உரித்தான். அப்போதாவது சொல்லியிருக்கலாம். அத்தனை பேர் முன்னால் அழுகைதான் வந்தது. பாதியில் நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தான். "செரி, அழுகாத. மாத்தீர்றேன்" என்றான்.

கோடு போட்ட டயரோடுதான் போனான். தோற்றுவிட்டான். கிளம்பும்போது பின்சக்கரம் ஒரு நொடி சும்மா சுற்றியதாம், அதற்குள் பக்கத்துக் கார் போய்விட்டதாம். வந்து என்னைக் குறை சொல்லவில்லை. "எம்மேல நம்பிக்கையில்ல ஒனக்கு. அதானே?" என்று மட்டும் கேட்டான். காருக்கு உறை போட்டவன் இன்னும் எடுக்கவில்லை. சாப்பிட வருகிறான், தட்டைப் பார்த்தே சாப்பிட்டுவிட்டு எழுந்து போகிறான்.

கண்ணு, உன்மேல் நம்பிக்கை இல்லாமல் இல்லை. என் விரல்மேல்தான் இல்லை. உங்கப்பாவுக்குப் பாஸ் போட்டு அனுப்பியது நான்.

டயரைப் பற்றி நான் எழுதியதில் தப்பு இருக்கும். விவரம் தெரிந்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்துங்க. அப்படியே இதையும் பார்த்துச் சொல்லுங்க: அன்றைக்கு மொபெட்டில் நல்ல டயர் இருந்திருந்தால், அந்த மழையில் அவர் வண்டி வழுக்காமல் நின்றிருக்குமா? என்னிடம் சொல்ல வேண்டாம், என் மகனிடம் சொல்லுங்க.