சாம்பலில் விழாத தடம்

மதியம் ஒன்று பத்துக்கு எங்கள் தூளி தானாக ஆடத் தொடங்கியது. சாப்பாட்டுத் தட்டின் முன் நான் உட்கார்ந்திருந்த இடத்துக்கு நேர் எதிரே சுவர்க் கடிகாரம். அதனால் நேரம் மறக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம், மரத்தில் அம்மாவின் புடவைத் தூளி, தூளிக்குள் ஏழு மாதத் தம்பி. அன்று காற்றே இல்லை. ஓர் இலைகூட அசையவில்லை.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அப்பாவின் வேலைக்காக இந்தப் பக்கம் வந்து, திருக்கழுக்குன்றத்துக்கும் கடலுக்கும் நடுவில் மனை வாங்கி வீடு கட்டியிருந்தோம். மனையின் பின்பாதி கருவேலம் புதர். காட்டுப்பன்றிகள் வந்து மரவள்ளியைத் தோண்டித் தின்றபோது அம்மா பொறுத்துக்கொண்டாள். தம்பி பிறந்த பிறகு பொறுக்கவில்லை. செங்கல்பட்டிலிருந்து வேலி போடும் பாய் ஒருவரை அப்பா வரவழைத்தார்.

அவர் நாலே நாளில் கல்தூண் நட்டு, கம்பிவலை இழுத்து, வேப்பமரத்துக்குப் பின்னால் ஓர் ஆள் நுழையும் இடைவெளியை மட்டும் விட்டுவைத்தார். வெள்ளிக்கிழமை காலை, உள்ளே பதுங்கியிருக்கும் பன்றிகளைக் கிளப்ப, தகர டின்னைத் தட்டியபடி புதரைச் சுற்றி வந்தார். பிறகு அந்த இடைவெளியில் அடுப்புச் சாம்பலைச் சமமாகப் பரப்பிவிட்டு, தொழுகைக்குக் கிளம்பும்போது என்னைக் கூப்பிட்டார்.

“பாப்பா, அப்பப்ப வந்து சாம்பல பாத்துகினு இரு. பெரிய காலு ஒண்ணு வெளிய போயிருக்கணும். அத்த பாக்காம ஒருத்தரும் இங்க கட்டக் கூடாது. நா வந்து கட்டிக்கிறேன்.”

அப்பாவுக்கு மூன்று மணி ஷிப்ட். பன்னிரண்டரைக்கு, “ஏதாவது வெளியே போச்சாடி?” என்றார். சாம்பல் முழுக்கத் தடங்கள். எல்லாம் வெளியே போனவை. எல்லாம் புளியங்கொட்டை அளவு. எனக்குப் பசி. “போயிடுச்சுப்பா” என்றேன்.

அப்பா வலையை இழுத்து, கம்பியால் முறுக்கி அடைத்துவிட்டு வந்தார். பாயைவிடத் தான் இறுக்கமாகக் கட்டியிருப்பதாகச் சொன்னார். இனிமேல் பயமில்லை என்று அம்மா தூளியை மரத்துக்கு மாற்றினாள்.

தூளி மறுபடி ஆடியது. உள்ளே தம்பி சிரித்தான். யாரோ விளையாட்டுக் காட்டினால் சிரிக்கிற சிரிப்பு. பிறகுதான் துணிக்குக் கீழே மயிர் சிலிர்த்த கறுப்பு முதுகு தெரிந்தது. அது உரசிப் போகும்போதெல்லாம் தூளி ஆடியது.

அப்பா கடப்பாரையோடு படி இறங்கினார். பன்றி தலையைத் தாழ்த்தியது. அவர் நின்றார், அதுவும் நின்றது. அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். வேலிக்கு வெளியே ஐந்து குட்டிகள் வரிசையாக, ஒரே வேகத்தில், வீட்டைச் சுற்றிக்கொண்டிருந்தன. அவை கீச்சிட்டால் உள்ளேயிருந்து ஓர் உறுமல் பதில் சொல்லும். அதைக் கேட்டுத் தம்பி சிரிப்பான். இன்றும் என் மகள் அறையில் தனியாகச் சிரித்தால் எழுந்துபோய்ப் பார்த்துவிடுகிறேன்.

பாயின் மொபெட் சத்தம் தெருமுனையிலேயே அடங்கியது. குட்டிகளைப் பார்த்திருக்க வேண்டும். வண்டியை விட்டுவிட்டு வேலியோரமாக நடந்து வந்து, அப்பாவின் முறுக்குகளைக் குறடால் ஒவ்வொன்றாக நறுக்கினார். வலை சரிந்தது. அவர் விலகி நின்றார். பன்றி இன்னொரு முறை தூளியை உரசிவிட்டு, ஓடாமல், நடந்தே வெளியேறியது.

அம்மா பாய்ந்துபோய்த் தம்பியை வாரி எடுத்தாள். பாய் சாம்பலருகே குந்தி, புதிதாக விழுந்திருந்த தடத்தை விரலால் தொட்டார்.

“பெரிய காலு இப்பதான் சார் விழுந்துகீது. மத்ததெல்லாம் குட்டிங்க. தாய்க்காரிய உள்ள வெச்சி கட்டிக்கீறீங்களே! போயிடுச்சின்னு யாரு சார் சொன்னது?”

நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை.

“யாரும் சொல்லலை பாய். நானே பார்த்துட்டுத்தான் கட்டினேன்.”

நான் சொன்னது அப்பாவுக்கு மறந்துவிட்டது என்று நினைத்து, அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.